காலத்தை எழுதும் கைக்கடிகாரங்கள்

வீட்டு அலுமாரியின் மூலையில், பழைய தகரப் பேணியொன்றினுள், ஓடாத கைக்கடிகாரமொன்று கிடப்பது நமது குடும்பங்கள் பலவற்றிலும் காணக்கூடிய காட்சியாகும். எறிவதற்கு மனம் வருவதில்லை. திருத்துவதற்கு நேரம் வருவதில்லை. அத்தகைய கடிகாரமொன்றே எம்மைப் பழைய கடிகாரங்களின் பால் ஈர்த்தது. சரியாகச் சொல்லின், அக்கடிகாரத்திற்கு நாம் செய்த பிழையே ஈர்த்தது.

எமது பாட்டனார் அரசாங்க வைத்தியசாலைகளில் அப்போதிக்கரியாகப் பணியாற்றியவர். 1940களின் இறுதியில் அவர் வாங்கிய சுவிற்சர்லாந்துக் கடிகாரத்தின் வலப்புறத்தில், சாவி கொடுக்கும் திருகுக்கு மேலும் கீழுமாக இரு பொத்தான்கள் இருந்தன. முகப்பின் விளிம்பைச் சுற்றி நுண்ணிய செந்நிறக் கோடுகளும் எண்களும் வரையப்பட்டிருந்தன. அவை நோயாளியின் நாடித்துடிப்பை அளப்பதற்கென அமைந்தவை. மேற்பொத்தானை அமுக்கியதும் நீண்ட முள் ஓடத் தொடங்கும். முப்பது துடிப்புக்களை எண்ணி முடித்ததும் மீண்டும் அமுக்கினால் முள் நிற்கும். அது நின்ற இடத்திலுள்ள எண்ணே ஒரு நிமிடத்திற்குரிய நாடித்துடிப்பு. தந்தையார் சிறுவராயிருந்த காலத்தில் காய்ச்சல் வந்த போதெல்லாம் அந்த முள் ஓடி நிற்பதைப் பார்த்தபடியே படுத்திருந்ததாகக் கூறுவார்.

1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்களோடு எமது குடும்பமும் இடம்பெயர்ந்தபோது, தந்தையார் அதனைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மழையில் நடந்தார். ஈரம் உட்புகுந்து முகப்பிற் பழுப்புக் கறையொன்று படிந்தது, கடிகாரமும் நின்றுவிட்டது. பல்லாண்டு கழித்து நாம் ஆசிரியராகிப் பெற்ற முதற் சம்பளத்தில், தந்தையாரை மகிழ்விக்க எண்ணி, அதனை ஒரு கடையிற் கொடுத்து, "புதிது போலச் செய்து தாருங்கள்" என்று கேட்டோம். கடைக்காரர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். பொறி ஓடியது. முகப்பு முழுவதும் வெண்ணிற வர்ணம் பூசப்பட்டுப் புதிய எண்கள் அச்சிடப்பட்டிருந்தன. கறை போயிற்று, அதனோடு நாடிக் கோடுகளும் போயின.

தந்தையார் அதனை வாங்கிக் காதோடு வைத்துக் கேட்டார். பின்னர் முகப்பை நெடுநேரம் நோக்கி, "மணிக்கூடு ஓடுது, தம்பி. ஐயாவின்ரை கோடுகள் எங்கை?" என்றார்.

எம்மிடம் விடை இருக்கவில்லை. அந்த வினாவின் பின்னே சென்றபோதுதான், இவ்வகைக் கடிகாரங்களுக்கு நீண்டதொரு வரலாறு உண்டென்பதையும், அவற்றைத் தேடிப் பேணுவோர் உலகெங்கும் உளர் என்பதையும் அறிந்தோம். அறிந்தவற்றுட் சிலவற்றை வாசகரோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பெயர் வந்த கதை

ஓடுகின்ற நேரத்தைக் காட்டுவதோடு, வேண்டிய கணத்தில் தொடங்கி வேண்டிய கணத்தில் நிறுத்தி ஒரு நிகழ்ச்சியின் கால அளவையும் காட்டும் கடிகாரத்தைக் குரோனோகிராப் என்பர். கிரேக்க மொழியில் குரோனோஸ் என்பது காலம். கிராபெயின் என்பது எழுதுதல். எனவே "காலத்தை எழுதுவது" என்பதே இச்சொல்லின் பொருள்.

இக்காலத்துக் குரோனோகிராப் எதனையும் எழுதுவதில்லை. ஆனால் இப்பெயருக்குக் காரணமான கருவி உண்மையாகவே எழுதியது. 1821 செப்டெம்பர் 1ஆந் தேதி பாரிஸ் நகரின் சாம் த மார்ஸ் மைதானத்தில் நடந்த குதிரைப் பந்தயத்தில், நிக்கோலா றியூசெக் என்னும் கடிகாரக் கலைஞர் தமது கருவியைப் பயன்படுத்தினார். அதன் முகப்புச் சுழன்றுகொண்டிருக்கும். ஒவ்வொரு குதிரையும் எல்லையைக் கடக்கும்போது பொத்தானை அமுக்கினால் சிறு முனையொன்று முகப்பில் மைப்புள்ளி ஒன்றை இடும். பந்தயம் முடிந்ததும் புள்ளிகளைப் பார்த்து ஒவ்வொரு குதிரையும் எடுத்த நேரத்தைக் கூறிவிடலாம்.

றியூசெக்கே முதல்வர் என்று நெடுங்காலம் கருதப்பட்டு வந்தது. ஆனால் 2012இல் ஏலத்திற்கு வந்த ஒரு பழங்கருவி இக்கருத்தை மாற்றிவிட்டது. லூயி மொய்னே என்பார் வானியல் அவதானிப்புக்காக 1816இற் செய்து முடித்த அக்கருவி, ஒரு செக்கனின் அறுபதில் ஒரு பங்கை அளக்கவல்லது. மணித்தியாலத்தை அறுபதாகப் பகுத்தால் நிமிடம். நிமிடத்தை அறுபதாகப் பகுத்தால் செக்கன். செக்கனையும் அறுபதாகப் பகுத்து அதனை எண்ண முயன்றவர் அவர். ஏறக்குறைய இருநூறு ஆண்டுகள் அக்கருவியை எவரோ ஒருவர் பின் ஒருவராக எறியாமற் காத்ததனாலேயே இவ்வுண்மை இன்று எமக்குக் கிடைத்தது என்பதை மாணவர் மனங்கொள்ளல் வேண்டும்.

இதய வடிவச் சில்லு

நிறுத்திய முள்ளை மீண்டும் பூச்சியத்திற்குக் கொண்டுவருவது எவ்வாறு? முள் நாற்பதாவது செக்கனில் நிற்கலாம். ஐந்தாவது செக்கனிலும் நிற்கலாம். எங்கு நின்றாலும் ஒரே அமுக்கலில், கண்ணிமைக்கும் நேரத்தில், மிகச் சரியாக உச்சிக்கு வருதல் வேண்டும்.

இச்சிக்கலைத் தீர்த்தவர், இலண்டனிற் தொழில்புரிந்த அடோல்ப் நிக்கோல் என்னும் சுவிற்சர்லாந்துக்காரர். 1844இல் அவர் உரிமை பெற்ற முறையில், முள்ளின் அச்சோடு இதய வடிவான சிறு தகடு பொருத்தப்படும். பொத்தானை அமுக்கினால் சுத்தியல் போன்ற ஒரு நெம்பு அத்தகட்டின் ஓரத்தை அழுத்தும். அழுத்தம் எப்பக்கத்திற் பட்டாலும் இதயம் வழுக்கிச் சுழன்று, தன் பள்ளமான பகுதி சுத்தியலின் கீழ் வரும்போதே அமைதி பெறும். அந்நிலையில் முள் பூச்சியத்தில் நிற்கும். இன்றும் பொறிமுறைக் குரோனோகிராப்புக்களில் இவ்விதயமே வேலை செய்கின்றது.

ஊசற்சில்லின் அசைவும் அறியத்தக்கது. பழைய கடிகாரங்கள் பலவற்றில் அது மணித்தியாலத்திற்கு 18,000 அசைவுகளைச் செய்யும். அதாவது செக்கனுக்கு ஐந்து. ஆகவே அவற்றால் ஒரு செக்கனின் ஐந்தில் ஒரு பங்கை அளக்கலாம். ஒரு நாளில் அச்சில்லுச் செய்யும் அசைவுகள் 4,32,000. அவ்வளவுக்கும் ஆதாரம் சுருண்டு விரியும் ஒரு வில்லும், காலையில் நாம் கொடுக்கும் சாவியுமேயன்றி வேறில்லை.

பையிலிருந்து கைக்கு

தொடக்கத்தில் இக்கருவிகள் சட்டைப்பைக் கடிகாரங்களாகவே இருந்தன. 1913இல் லோன்ஜின் நிறுவனம் கைக்கடிகாரத்திற்கென ஒரு குரோனோகிராப் பொறியை உருவாக்கியது. அக்காலத்தில் தொடங்கவும் நிறுத்தவும் பூச்சியமாக்கவும் ஒரே பொத்தானே இருந்தது. ஆதலின் ஒருமுறை நிறுத்திய முள்ளை விட்ட இடத்திலிருந்து தொடர முடியாது. 1934இல் பிறைற்லிங் நிறுவனம் பூச்சியமாக்குதற்கெனத் தனிப் பொத்தானை அமைத்தது. இரு பொத்தான்களும் நடுவில் ஒரு திருகுமாக நாம் இன்று காணும் தோற்றம் அவ்வாறு நிலைபெற்றது.

முகப்பில் எழுதப்பட்ட அளவுகோலே கடிகாரத்தை அணிந்தவரின் தொழிலைக் காட்டிவிடும். வைத்தியருக்கு நாடிக்கோல். வண்டியோட்டிக்கு வேகக்கோல்: ஒரு கிலோமீற்றரைக் கடக்க 45 செக்கன் எடுத்தால் முள் 80ஐக் காட்டும், வேகம் மணித்தியாலத்திற்கு 80 கிலோமீற்றர். பீரங்கிப் படையினருக்குத் தூரக்கோல்: ஒளியைக் கண்டதும் அமுக்கி, ஓசையைக் கேட்டதும் நிறுத்தினால், வெடித்த இடத்தின் தூரம் தெரியும். ஓசை செக்கனுக்கு ஏறக்குறைய 340 மீற்றர் செல்வதால், ஆறு செக்கன் இடைவெளி இரண்டு கிலோமீற்றரைக் குறிக்கும். மின்னலுக்கும் இடிக்கும் இடையே இக்கணக்கை மாணவர் தாமே செய்து பார்க்கலாம்.

கடிகாரத்தின் மேற் காணப்படும் பெயர் வேறு, உள்ளே ஓடும் பொறி வேறு என்பதும் அறியற்பாலது. வல்ஷு, வீனஸ், லெமானியா, லண்டெரோன் முதலிய தொழிற்சாலைகள் செய்த பொறிகளை நிறுவனங்கள் பல வாங்கித் தத்தம் பெயரில் விற்றன. பொத்தான்களின் கட்டளையைப் பொறிக்கு உணர்த்த, சிறு கோட்டைபோல் நிமிர்ந்த தூண்களையுடைய சில்லொன்றைச் செதுக்குவது பழைய முறை. அதற்குப் பதிலாக எளிதில் வெட்டத்தக்க தகடுகளைப் பயன்படுத்தும் முறையை லண்டெரோன் 1930களிற் கைக்கொண்டது, விலையும் குறைந்தது. பாட்டனாரின் கடிகாரத்தினுள் இருப்பதும் இத்தகைய எளிய பொறியே. சாதாரண சம்பளக்காரரும் குரோனோகிராப் அணிய முடிந்தது இதனாலேயாம்.

பதினான்கு செக்கன்

இக்கருவி அலங்காரப் பொருளன்று என்பதற்கு ஒரு சான்று போதும். அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசா, விண்வெளி வீரருக்கு ஏற்ற கடிகாரத்தைத் தெரிவதற்காகப் பல நிறுவனங்களின் குரோனோகிராப்புக்களைக் கடுஞ்சோதனைக்கு உட்படுத்தியது. 71 பாகை செல்சியஸ் வெப்பத்தில் 48 மணித்தியாலம், பின்னர் 93 பாகையில் 30 நிமிடம். அதன்மேற் கடுங்குளிர், வெற்றிடம், ஈரம், அதிர்வு எனச் சோதனைகள் நீண்டன. தேறியது ஒமேகா ஸ்பீட்மாஸ்ரர் ஒன்றே. 1965 மார்ச் 1ஆந் தேதி அதற்கு அங்கீகாரம் கிடைத்தது. 1969 ஜூலையில் மனிதன் சந்திரனில் நடந்தபோது, ஆம்ஸ்ரோங் தமது கடிகாரத்தைக் கலத்திலேயே விட்டுச் சென்றார். கலத்தின் மின்னியற் காலமானி பழுதுற்றிருந்தமையே காரணம். உடன் நடந்த ஓல்ட்ரினின் கையில் அது இருந்தது.

அடுத்த ஆண்டு, 1970 ஏப்ரலில், அப்பலோ 13 கலத்தில் ஒட்சிசன் கொள்கலம் வெடித்தது. மின்சக்தியைச் சேமிக்கக் கருவிகள் பல நிறுத்தப்பட்டன. பூமிக்குத் திரும்பும் பாதையைத் திருத்துவதற்கு எந்திரத்தை 14 செக்கன் மட்டும் இயக்கவேண்டியிருந்தது. பாதை பிழைத்தால் மூவரும் உயிரோடு திரும்புதல் அரிது. அந்தப் பதினான்கு செக்கனையும் சுவைகேர்ட் தமது கைக்கடிகாரத்தைப் பார்த்தே எண்ணினார். ஏப்ரல் 17இல் மூவரும் உயிருடன் கடலில் இறங்கினர்.

பரணில் ஒளித்த கருவிகள்

1969ஆம் ஆண்டு இத்தொழிலின் உச்சமும் சரிவும் ஒருங்கே கண்ட ஆண்டு. கையசைவினாலே தானாக முறுக்கேறும் குரோனோகிராப்பை உருவாக்குவதற்கு மூன்று தரப்பினர் போட்டியிட்டனர். ஜனவரியில் ஸெனித் நிறுவனம் எல் பிரிமெரோ என்னும் பொறியை அறிவித்தது. மார்ச்சில் ஹொயர், பிறைற்லிங் முதலிய நிறுவனங்கள் கூட்டாகச் செய்த பொறி வெளிவந்தது. அதே ஆண்டில் ஜப்பானின் சீக்கோவும் தன் பொறியை விற்பனைக்கு விட்டது. எல் பிரிமெரோவின் சில்லு மணித்தியாலத்திற்கு 36,000 முறை அசைந்து செக்கனின் பத்தில் ஒரு பங்கை அளந்தது.

ஆனால் அவ்வாண்டு நத்தார் தினத்திலேயே சீக்கோ நிறுவனம் குவாட்ஸ் படிகத்தால் இயங்கும் கைக்கடிகாரத்தை வெளியிட்டது. நல்ல பொறிமுறைக் கடிகாரம் ஒரு நாளிற் பிழைக்கும் அளவைக் குவாட்ஸ் கடிகாரம் ஒரு மாதத்திற் பிழைத்தது. நாளடைவில் விலையும் வீழ்ந்தது. 1970இல் 90,000 பேரளவில் இருந்த சுவிற்சர்லாந்துக் கடிகாரத் தொழிலாளர் தொகை, 1980களின் நடுப்பகுதியில் 30,000 பேருக்குச் சற்று மேலாகக் குறைந்தது. மலைநாட்டு ஊர்கள் பலவற்றில் தலைமுறை தலைமுறையாக வந்த தொழில் நின்றது.

லெ லொக்கிள் என்னும் ஊரிலுள்ள ஸெனித் தொழிற்சாலை அப்பொழுது அமெரிக்கக் கொம்பனியொன்றின் உடைமையாக இருந்தது. பொறிமுறைக் கடிகாரங்களின் உற்பத்தியை நிறுத்தி, கருவிகளைப் பழைய உலோகமாக விற்றுவிடும்படி 1975இற் கட்டளை வந்தது. குரோனோகிராப் பகுதியிற் பணியாற்றிய சார்ள்ஸ் வேர்மோ என்னும் தொழிலாளர் அதற்கு மாறாகக் கடிதம் எழுதினார், பலிக்கவில்லை. பின்னர் அவர் செய்த காரியம் துணிவானது. எல் பிரிமெரோவுக்குரிய அச்சுக்களையும் வெட்டுங் கருவிகளையும் சிறிது சிறிதாகத் தொழிற்சாலையின் பரணுக்கு ஏற்றி ஒளித்து வைத்தார். எந்தக் கருவி எங்குள்ளது, எவ்வேலைக்குரியது என்பதையெல்லாம் குறிப்பேட்டில் எழுதினார். வெளிப்பட்டிருப்பின் அவரது வேலை போயிருக்கும்.

பல்லாண்டு கழிந்தது. உரிமையாளரும் மாறினர். பொறிமுறைக் குரோனோகிராப்பை நாடுவோர் மீண்டும் தோன்றினர். வேர்மோவின் கருவிகளும் குறிப்புக்களும் பரணிலிருந்து இறங்கின. 1984இல் எல் பிரிமெரோ மீண்டும் உற்பத்தியாகியது. 1988இல் றோலெக்ஸ் நிறுவனமும் தனது டேற்றோனா கடிகாரத்திற்கு அப்பொறியையே அடிப்படையாகக் கொண்டது.

வேர்மோ காத்தது இரும்பை மட்டுமன்று. குறிப்பேடு இல்லாதிருப்பின் அவ்விரும்பைக்கொண்டு பொறி செய்வது பெரும்பாடாயிருக்கும். பொருளும் அதனை ஆளும் அறிவும் ஒருங்கே காக்கப்பட வேண்டும் என்பதை அவர் அறிந்திருந்தார். லெ லொக்கிளும் அயலிலுள்ள லா ஷோ த பொன் நகரும் 2009இல் உலக மரபுரிமைத் தலங்களாயின. சுவிற்சர்லாந்து, பிரான்ஸ் எல்லைப் பிரதேசத்தின் பொறிமுறைக் கடிகாரக் கைத்திறனை 2020இல் யுனெஸ்கோ மனித குலத்தின் பண்பாட்டு மரபாக ஏற்றுக்கொண்டது.

சேகரிப்போர் நோக்கு

பழைய குரோனோகிராப்பைச் சேகரிப்போர் முதலில் நோக்குவது அதன் நேர்மையை. முகப்பு, முட்கள், கூடு, பொறி, பொத்தான்கள் யாவும் தொடக்கத்திலேயே ஒன்றாக இருந்தவையா? அன்றி வெவ்வேறு கடிகாரங்களிலிருந்து எடுத்துக் கூட்டியவையா? கூட்டின் விளிம்புகள் செய்தபோதிருந்த கூர்மையோடு உள்ளனவா, தேய்த்து மினுக்கியதால் உருண்டுவிட்டனவா? முகப்பின் எழுத்துக்கள் பூதக்கண்ணாடியிலும் தெளிவாக உள்ளனவா? மங்கிய முகப்புடைய கடிகாரத்தை அவர்கள் விரும்பி வாங்குவர். புது வர்ணம் பூசிய முகப்பைப் பெரும்பாலும் ஒதுக்குவர். வயது ஒரு குறையன்று. வயதை மறைப்பதே குறை.

இதற்கு உலகறிந்த உதாரணம் ஒன்றுண்டு. நடிகரும் மோட்டார்ப் பந்தய வீரருமான போல் நியூமனுக்கு மனைவியார் ஜோன் வூட்வார்ட் ஒரு றோலெக்ஸ் டேற்றோனாவை வழங்கினார். கவனமாக வண்டி ஓட்டும்படி அதன் முதுகிற் பொறித்திருந்தார். 1984இல் தம் மகளின் நண்பரிடம் நியூமன் நேரம் கேட்டபோது அவ்விளைஞரிடம் கடிகாரம் இருக்கவில்லை; அவர் தமது கடிகாரத்தையே கொடுத்துவிட்டார். 2017 ஒக்டோபர் 26ஆந் தேதி அது நியூயோர்க் ஏலத்தில் 1,77,52,500 அமெரிக்க டொலருக்கு விற்கப்பட்டது. மனைவியின் சொற்களை எவரேனும் "புதிது போல" மினுக்கி அழித்திருந்தால் அதன் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

ஆயினும் விலையை நாடி இத்துறையில் இறங்குவோருக்கு நாம் ஊக்கமளிக்கமாட்டோம். ஆசிரியர் சம்பளத்தில் நாம் இதுவரை சேர்த்தவை மூன்றே. அவற்றுள் இரண்டு எளிய லண்டெரோன் பொறியுடையவை. எமது அனுபவத்திற் கண்ட சில எச்சரிக்கைகளைக் கூறுவோம். நெடுங்காலம் நின்றிருந்த கடிகாரத்துக்கு உடனே சாவி கொடுத்து ஓட்டலாகாது; எண்ணெய் காய்ந்திருப்பின் சில்லுக்கள் தேயும். அளவு முள் ஓடிக்கொண்டிருக்கும்போது கீழ்ப்பொத்தானை வலிந்து அமுக்கலாகாது. பழைய கடிகாரத்தைத் தண்ணீரிலிருந்து விலக்கி வைத்தல் வேண்டும். இருளில் ஒளிரும் எண்களையுடைய மிகப் பழைய முகப்புக்களில் ரேடியம் இருக்கலாம். ஒளி மங்கிவிட்டதென்பதால் கதிர்வீச்சும் ஓய்ந்துவிட்டதென எண்ணற்க. ரேடியம் பாதியாகக் குறைவதற்கே ஏறக்குறைய 1,600 ஆண்டுகள் செல்லும். அத்தகைய கடிகாரத்தைத் திறப்பதோ சுரண்டுவதோ தகாது. எல்லாவற்றுக்கும் மேலாக, திருத்துபவரிடம் கொடுக்கும்போது எதைச் செய்யவேண்டும் என்பதைவிட எதைச் செய்யக்கூடாது என்பதைத் தெளிவாகச் சொல்லல் வேண்டும். எமது பிழை அக்கடைக்காரருடையதன்று, கேட்டவர் நாமே.

கோடு அழிந்தாலும்

தந்தையார் இன்று எண்பது வயதைக் கடந்தவர். சென்ற ஆண்டு மாரிகாலத்தில் அவருக்குக் கடுங்காய்ச்சல் கண்டது. இரவில், வைத்தியரை அழைப்பதற்கு முன்னர் நாடியைப் பார்க்க எண்ணி, எதையும் யோசியாமல் பாட்டனாரின் கடிகாரத்தையே எடுத்தோம். அவரது மணிக்கட்டிற் கைவைத்துப் பொத்தானை அமுக்கினோம். முப்பது துடிப்பு எண்ணியதும் நிறுத்தினோம். முள் இருபத்துநான்காவது செக்கனில் நின்றது. அவ்விடத்தில் எண் எதுவும் இல்லை. நாம் பூசுவித்த வெள்ளை வர்ணமே இருந்தது. முப்பதை அறுபதாற் பெருக்கி இருபத்துநான்கால் வகுக்க நாம் முயன்றுகொண்டிருந்தபோது, கண்ணை மூடியபடி படுத்திருந்த தந்தையார் கேட்டார்: "எத்தினை செக்கன், தம்பி?"

"இருபத்துநாலு, ஐயா."

"அப்ப எழுபத்தைஞ்சு. பயமில்லை" என்றார்.

அந்தக் கோடுகள் யாவும் அவர் நினைவில் இருந்தன. சிறுவயதிற் காய்ச்சலோடு படுத்திருந்து மனனஞ் செய்தவை அவை. மறுநாளே ஓர் அப்பியாசப் புத்தகத்தை எடுத்து, அவர் சொல்லச் சொல்ல அக்கோலை முழுவதும் எழுதிக்கொண்டோம்: இருபது செக்கனுக்குத் தொண்ணூறு, இருபத்தைந்துக்கு எழுபத்திரண்டு, முப்பதுக்கு அறுபது என. கடிகாரத்தின் முகப்பை மீண்டும் மாற்ற எண்ணவில்லை. அப்பிழையும் இப்பொழுது அதன் வரலாற்றில் ஒரு பகுதியாகும். அப்புத்தகம் கடிகாரத்தோடு அதே பேணியில் இருக்கின்றது.

வாசகரின் வீட்டிலும் ஓடாத கடிகாரம் ஒன்று இருக்கலாம். அதனைத் திருத்தக் கொடுப்பதற்கு முன்னர், அதைப்பற்றி அறிந்த முதியவர் எவரேனும் வீட்டில் இருப்பின், அவர் பக்கத்தில் ஒரு கொப்பியோடு சற்று நேரம் அமர்ந்திருத்தல் நன்று. பொறியைப் பின்னரும் திருத்திக்கொள்ளலாம்.